பின்சக்கரத்தில் எத்தனை நட்டு?

வாசகர் கேள்விகள் – வண்டி அக்கா பதில்கள்

எங்கள் 1987 மாடல் டொயோட்டா சன்ரேடரில் நானும் வீட்டுக்காரரும் வருஷத்தில் ஏழு மாதம் குடியிருக்கிறோம் என்று சென்ற இதழில் எழுதியதுதான் தாமதம், கடிதமாக வந்து குவிந்துவிட்டது. அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: எழுபதுகளில் தொடங்கி தொண்ணூறுகளின் ஆரம்பம் வரைக்கும் அமெரிக்காவில் டொயோட்டாவின் சின்ன பிக்கப் டிரக்கை டிரைவர் கேபினும் சேஸியுமாக (சேஸி என்றால் சக்கரத்தோடு இருக்கும் அடிச்சட்டம்) வாங்கி, அதன் முதுகில் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் வைத்து ஒரு குட்டி வீட்டைக் கட்டி விற்றார்கள். கட்டிய கம்பெனிகள் பல. சினூக், டால்ஃபின், சன்ரேடர், வாரியர் என்று பெயர்களும் பல. பெரும்பாலும் 18 அடி, 21 அடி நீளம், நாலு சிலிண்டர் இன்ஜின். கலிபோர்னியா, அரிசோனா பக்கம் இன்றைக்கும் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் பத்துக் கார் திட்டிக்கொண்டே வரும்.

கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்தான். பாதிப்பேர் "வீட்டுக்குத் தெரியாது அக்கா" என்று எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், எச்1பி விசா. பாதிச் சம்பளம் வாடகைக்கே போகிறது. 1983 டால்ஃபின் ஒன்று 9,500 டாலருக்கு வந்திருக்கிறது. பின்னால் இரட்டைச் சக்கரம், இன்ஜின் நன்றாக ஓடுகிறது, உள்ளே புதுசாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கிக் குடியேறிவிடலாமா? – சான்ஹோசே

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நட்டை எண்ணுங்கள். ஐந்தா, ஆறா? மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்து டிரக்கின் பின் அச்சு ஒரு அரை டன் சாமான் ஏற்றிப் போவதற்குச் செய்தது. அதன் மேல் வீட்டைக் கட்டிவிட்டு, எடை கூடிப்போனது தெரிந்ததும் பல வண்டிகளில் அதே அச்சில் ஒரு அடாப்டரை மாட்டி வெளிப்பக்கம் இன்னொரு சக்கரத்தை ஒட்டவைத்தார்கள். பார்க்க லாரி மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆனால் அச்சு பழைய அச்சேதான். அந்த வகையில் சக்கரத்தைச் சுற்றுகிற தண்டுதான் வண்டியின் எடையையும் தாங்கவேண்டும், அதுவும் வெளியே தள்ளி இருக்கிற இரண்டாவது சக்கரம் பேரிங்கையும் தண்டையும் இன்னும் அதிகமாக வளைக்கப் பார்க்கும். ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் கழன்று உங்களை முந்திக்கொண்டு போய்விடும். நான் கதை விடவில்லை, இது நடந்திருக்கிறது. அதனால்தான் எண்பதுகளின் பிற்பாதியில் வந்த வண்டிகளுக்கு ஒரு டன் அச்சு வந்தது, முன்னால் விற்றவற்றில் சிலவற்றுக்கும் அச்சை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஒரு டன் அச்சில் எடையைச் சுமப்பது வெளிக்குழாய், தண்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். தண்டே முறிந்தாலும் சக்கரம் இடத்தை விட்டு நகராது. அடையாளம் ஆறு நட்டு, அதோடு சக்கரத்தின் நடுவில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் குமிழ், அதைச் சுற்றி ஒரு வட்டம் போல்ட்டுகள்.

ஐந்து என்றால் விலையிலிருந்து அச்சு மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பழைய ஒரு டன் அச்சு இப்போதெல்லாம் லேசில் கிடைப்பதில்லை, அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது அந்தப் புது பெயின்ட். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிரைவர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் படுக்கை இருக்கிறதே, நாங்கள் அதைப் பரண் என்போம், இந்த வண்டிகள் பெரும்பாலும் உளுத்துப்போக ஆரம்பிப்பது அங்கேதான். முன் ஜன்னல் ஓரத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கிற மரச்சட்டத்தைத் தின்றிருக்கும், வெளியே அலுமினியத் தகடு பளபளவென்று இருக்கும். மெத்தையைத் தூக்கிவிட்டு மூலைகளைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல மரம் 'டக்' என்று பேசும், உளுத்தது 'பொத்' என்று சொல்லும். சன்ரேடர் என்றால் ஃபைபர் கிளாஸ் ஓடு, இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியது, கூரை விளிம்பில் மூட்டு இல்லை, அதனால் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் ஜன்னல் ஓரம் அதிலும் ஒழுகும், எங்களுக்கு ஒழுகியிருக்கிறது.

1983 என்றால் கார்புரேட்டர் வண்டி. மூடியைத் திறந்தால் வேக்குவம் குழாய்கள் இடியாப்பம் மாதிரி கிடக்கும், அதில் ஒன்று வெடித்திருந்தாலும் புகைப் பரிசோதனையில் தேறாது. கலிபோர்னியாவில் பெட்ரோல் வண்டி 1975 மாடலோ அதற்கு முந்தியதோ என்றால் அந்தச் சோதனையே கிடையாது, 1976-இலிருந்து உண்டு. விற்கும்போது சோதனைச் சான்றிதழை வாங்கித் தரவேண்டியது விற்பவர் பொறுப்பு. "நீங்களே போய்ப் பாத்துக்குங்க" என்று அவர் சொன்னால் அதன் அர்த்தம் உங்களுக்குப் புரியவேண்டும்.

கடைசியாக விசா. நான் வக்கீல் இல்லை, உங்கள் கம்பெனி வக்கீலைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். ஆனால் இரண்டு விஷயம் எல்லோருக்கும் பொது. முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். அதைவிட முக்கியம், எச்1பி மனு நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதோடு கட்டப்பட்டது. சான்ஹோசே ஆபீசுக்குப் போய்விட்டு இரவில் வண்டியில் தூங்குவது ஒரு கதை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு யூட்டா பாலைவனத்தில் மாசக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பது முற்றிலும் வேறு கதை, அதற்கு மனுவையே திருத்தவேண்டி வரும். தெருவில் நிறுத்துவதற்கும் ஊருக்கு ஊர் சட்டம் உண்டு. மவுன்டன் வியூவில் 2020-இல் ஓட்டெடுப்பே நடந்து, குறுகிய தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தத் தடை வந்தது. நம்முடையது குட்டி வண்டிதானே என்று நினைக்காதீர்கள், எதைப் பெரிது என்கிறார்கள் என்று அந்த நகராட்சி விதியை எடுத்து, டேப்பை வைத்து உயரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கினது போலச் சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. மெக்கானிக் "பழைய வண்டி, அப்படித்தான்" என்கிறார். வண்டி 1986, 22ஆர்இ இன்ஜின். – டூசான்

அப்படித்தான் என்று சொல்பவரிடம் இனிமேல் ஆயில் மாற்றக்கூடப் போகாதீர்கள்.

அது டைமிங் செயின், அதாவது இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் சங்கிலி. 22ஆர் வகை இன்ஜின் நல்ல பராமரிப்பில் மூன்று லட்சம் மைல் ஓடும் என்று ஊரெல்லாம் புகழ்வார்கள், நானும் புகழ்வேன், ஆனால் 1983-இலிருந்து வந்தவற்றில் இரட்டை வரிசைச் செயினுக்குப் பதிலாக ஒற்றை வரிசையும், அதை ஒழுங்காக ஓடவைக்க பிளாஸ்டிக் வழிகாட்டியும் போட்டார்கள். பிளாஸ்டிக் வயதானால் நொறுங்கும். செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு டென்ஷனர், காலையில் அழுத்தம் ஏறும் வரைக்கும் தளர்ந்த செயின் ஆடும், அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. இன்ஜின் ஓட ஓட நிற்காமல் டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்டால் அது பெரும்பாலும் வால்வு இடைவெளி. அது வேறு வைத்தியம், செலவும் குறைவு: இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர்.

சோதிப்பது சுலபம். வால்வு மூடியைக் கழற்றி, முன்பக்கம் செயின் இறங்கும் பள்ளத்தில் டார்ச் அடித்து, டிரைவர் பக்கத்து வழிகாட்டி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்து கீழே போயிருந்தால் வண்டியை ஓட்டவேண்டாம், ஏனென்றால் செயின் அடுத்துத் தேய்ப்பது இன்ஜினின் முன்மூடியை, அந்த மூடிக்குள்தான் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் பாதை. மூடியில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் முடிந்தது கதை.

மாற்றும்போது இரும்பு முதுகு வைத்த வழிகாட்டி கிடைக்கிறது, அதையே போடச் சொல்லுங்கள். கூடவே தண்ணீர் பம்பையும் மாற்றிவிடுங்கள், அவ்வளவு தூரம் பிரித்த பிறகு அதை விட்டுவைப்பது கஞ்சத்தனம். எங்கள் வண்டியில் முதல் தடவை இதைச் செய்த கடைக்காரர் பழைய டென்ஷனரையே திரும்ப மாட்டி அனுப்பிவிட்டார், எட்டே மாதத்தில் அதே சத்தம். இரண்டாவது தடவை வீட்டுக்காரரே செய்தார், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் நான் முட்டை அட்டையில் வரிசையாகக் குத்திவைத்தேன். மூன்று நாள் ஆனது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வண்டி ஓடுகிறது.

நவம்பரில் இருந்து உள்சுவரெல்லாம் வியர்க்கிறது. மெத்தைக்கு அடியில் கறுப்பாகப் பூசணம். கூரை ஒழுகுகிறதா என்று கணவர் மேலே ஏறி சிலிகான் பூசோ பூசென்று பூசிவிட்டார். ஆனாலும் நிற்கவில்லை. – யூஜீன், ஓரிகன்

முதலில் அவரைக் கீழே இறக்குங்கள். சிலிகான் காய்ந்த இடத்தில் அப்புறம் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது, அதையெல்லாம் சுரண்டி எடுப்பது பெரிய தண்டனை. கூரை மூட்டுக்குப் போடவேண்டியது ப்யூட்டைல் டேப் என்கிற ரப்பர் பசை நாடா, அதன் மேல் இந்த மாதிரி வீட்டு வண்டிக் கூரைக்கென்றே விற்கும் சீலன்ட்.

ஆனால் உங்கள் விஷயம் ஒழுகல்தானா என்பதே சந்தேகம். சந்தேகப்படும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் ஈரம் என்றால் தண்ணீர் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரம் என்றால் அது உங்கள் சமையல், உங்கள் மூச்சு, உங்கள் அடுப்பு.

அடுப்பு என்றதும் நம்ப மாட்டீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேலேயே தண்ணீர் ஆவியாக வெளியே வரும், கேஸில் இருக்கிற ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவது அது. குளிர் தாங்காமல் கேஸ் அடுப்பையோ புகைப்போக்கி இல்லாத சின்ன ஹீட்டரையோ எரியவிட்டால் நீங்கள் அறையைச் சூடாக்கவில்லை, அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். வண்டியோடு வந்த பழைய ஃபர்னஸ் எரியும் புகையை ஈரத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிட்டு, காய்ந்த சூட்டை மட்டும் உள்ளே தரும். அதைச் சுத்தம் செய்து ஓடவைக்கிற செலவுக்குப் பலன் உண்டு.

அப்புறம் கடிதத்தின் கடைசியில், ஏதோ சம்பந்தமில்லாத விஷயம் போல, "தினமும் காலையில் இட்லி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். 18 அடி வண்டிக்குள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நவம்பர் ஓரிகனில், இட்லிப் பானை! நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன், குக்கர் விசில் சத்தத்துக்குப் பக்கத்து வண்டிக்காரர் எழுந்து ஓடிவந்த கதையும் உண்டு. இப்போதெல்லாம் ஆவியில் வேகிறது எதுவானாலும் வெளியே, சாய்ப்புத் துணிக்கு அடியில், மடக்கு அடுப்பில். மழை நாளில் தோசை. உள்ளே சமைத்தே ஆகவேண்டும் என்றால் கூரை விசிறியை ஓடவிட்டு, எதிர்மூலை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள், குளிரும்தான், ஆனால் காயும்.

பூசணம் மெத்தைக்கு அடியில் வருவதற்குக் காரணம் உடம்புச் சூட்டில் போகும் ஈரம் கீழே குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராவது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக இடம் வேண்டும், மரச்சட்டங்களோ முரட்டு வலைப்பாயோ போடுங்கள். காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி தீர்ந்தது.

எங்கள் வண்டி கேஸ் ஃப்ரிட்ஜ் திடீரென்று குளிர்வதில்லை. நெருப்பில் எப்படி ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்பதே எனக்குப் புரியவில்லை. – ஆஸ்டின்

புரியவில்லை என்று ஒத்துக்கொண்ட முதல் ஆண் வாசகர் நீங்கள்தான் சார், வாழ்க.

1922-இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள், பிளாட்டன், மன்டர்ஸ் என்று பெயர், செய்த வித்தை அது. மூடிய குழாய்களுக்குள் தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன். கீழே சின்னச் சுடர் பட்டதும் அம்மோனியா தண்ணீரை விட்டுக் கிளம்பி மேலே போகும், அங்கே குளிர்ந்து திரவமாகும், அப்புறம் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஆவியாகிக்கொண்டே சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும், திரும்பவும் தண்ணீரில் கரையும். அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தானாக வழிந்து இறங்குவதால் வண்டி மட்டமாக நிற்கவேண்டும். சாய்வான இடத்தில் நிறுத்தி மணிக்கணக்கில் எரியவிட்டால் திரவம் ஒரு பக்கம் தேங்கி, கொதிகலம் காய்ந்து, உள்ளே போட்டிருக்கும் துரு தடுப்பு மருந்து கட்டிப்போய் அடைத்துவிடும். அடைத்தது அடைத்ததுதான்.

முதலில் வெளிப்பக்கக் கதவைத் திறந்து மூக்கை நீட்டுங்கள். அம்மோனியா நெடி, இல்லை குழாயில் மஞ்சள் பொடி என்றால் போய்விட்டது. அந்தப் பொடி விஷம், கையால் தொடாதீர்கள், ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் பர்னரைப் பாருங்கள். சிலந்தி பர்னர் துவாரத்தில் கூடு கட்டிவிடும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அதுதான் காரணமாக இருக்கும், சுத்தம் செய்தால் பிழைத்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் நாங்கள் எங்களுடையதைத் தூக்கி எறிந்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு மாறிவிட்டோம், கூரையில் 200 வாட் சோலார், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. வெயில் ஊரில் தயிர் புளிக்காமல் இருக்கிறது.

பேட்டரியில் மிக்சி ஓடுமா? கிரைண்டர் வேண்டாம், மிக்சி மட்டும் போதும். – சியாட்டில்

நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். 750 வாட் மிக்சி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும் அந்த நொடியில் இன்னும் அதிகம். சின்ன இன்வெர்ட்டர் கூவிவிட்டு அணைந்துவிடும். 1500 வாட் இன்வெர்ட்டர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் கட்டை விரல் பருமனில் குட்டை ஒயர், அப்படியென்றால் ஓடும். சட்னி அரைக்க மூன்று நிமிஷம் என்று வைத்தால் பேட்டரியில் குறைவது மூன்று நாலு ஆம்பியர்-மணிதான், அதனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம், ஒயர் சூடாகிறதா என்பதைத்தான் தொட்டுப் பார்க்கவேண்டும். மேஜைக் கிரைண்டரோ 150 வாட், முக்கால் மணி நேரம் சாதுவாகச் சுற்றும், சின்ன இன்வெர்ட்டரே போதும். ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரக் கணக்கில் கிரைண்டர்தான் நல்ல பிள்ளை. எடைக் கணக்கில் பத்துக் கிலோவுக்கு மேல். அந்த எடையை யார் சுமப்பது? அதே பின் அச்சு.

கழிப்பறைத் தொட்டி... தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம்... எப்படிச் சமாளிக்கிறீர்கள்? – நியூஜெர்சி

வெட்கப்பட்டுக்கொண்டு புள்ளி வைத்தே கேட்டிருக்கிறீர்கள். காகிதத்தைவிடத் தண்ணீர்தான் அந்தத் தொட்டிக்கு நல்லது. தண்ணீர் போதாமல் போனால்தான் குழாய்க்கு நேர் கீழே கோபுரம் மாதிரி கட்டிப்போய் உயிரை எடுக்கும். சீக்கிரம் நிறையும், அதனால் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனுக்கு அடிக்கடி போகவேண்டும், அவ்வளவுதான். குடம் குடமாக ஊற்றாமல் மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்கால ஊரில் நிறுத்திவைப்பதானால் குழாய்களில் ஊற்றுவது, தண்ணீர் உறையாமல் காக்கும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் மட்டும். ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை நிற ஆன்டிஃப்ரீஸ் விஷம்.

டாலஸிலிருந்து கொலராடோ மலைக்குப் போகிறோம். ஐ-70 சாலையில் ஏறுமா? – டாலஸ்

ஏறும், நீங்கள் அவசரப்படாவிட்டால். ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் இன்ஜின் பலம் குறையும், அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும், முதலிலேயே இருந்தது நூற்றுச் சொச்சம் குதிரைதான். இரண்டாவது கியரில், மணிக்கு முப்பது மைலில், வலது ஓர லேனில், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு லாரிகளோடு லாரியாக ஏறுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஓவர்டிரைவை (சமதளத்துக்கான மேல் கியர்) அணைத்துவிடுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலர் இல்லையென்றால் கிளம்புவதற்கு முன்னாலேயே போடுங்கள்.

ஏற்றத்தில் எல்லோரும் கவலைப்படுவார்கள், ஆபத்து இறக்கத்தில். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். இரண்டு வருஷமாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டுப் போங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பாமல் போங்கள், 20 காலன் தண்ணீரே 75 கிலோ. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பூ தேயாவிட்டாலும் ஆறு ஏழு வருஷம் தாண்டின டயரில் மலைக்குப் போகாதீர்கள். முடிந்தால் லாரி நிறுத்தத்தில் இருக்கிற எடை மேடையில், எல்லாரும் ஏறி உட்கார்ந்து, சாமானோடு ஒருதடவை நிறுத்திப் பாருங்கள். முதல் தடவை எங்களுக்கு வந்த சீட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே இரும்பு தோசைக்கல் இரண்டையும் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினோம்.

படித்தவர்கள் லாரியில் வாழ்வதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். வேறு வழியில்லாமல் வண்டியில் கிடப்பவர்களைப் பற்றி நினைத்தீர்களா? – ஓக்லண்ட்

நியாயமான கேள்வி. எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, அது பெரிய வித்தியாசம், சென்ற இதழில் அதை அழுத்திச் சொல்லாதது என் தப்பு. உங்கள் ஊர்த் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் இருப்பவர்களுக்கும் இதே அச்சு, இதே பூசணம், ஆனால் கடைக்குக் கொண்டுபோகக் காசு இல்லை. இங்கே எழுதுகிற பழுதுபார்க்கும் விஷயம் அவர்களுக்கும் உதவினால் சந்தோஷம். மற்றபடி இது சுதந்திரம், சாகசம் என்று நான் எழுதவே மாட்டேன், எழுதினால் நீங்களே வந்து அடிக்கலாம்.

அம்மா, என் பையன் அமெரிக்காவில் நல்ல வேலையில் இருக்கிறான். இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய டொயோட்டா வண்டியில் குடியிருக்கிறானாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறோம். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? குளிரில் என்ன ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை. – திருச்சி

சொந்தக்காரர்களிடம் "டிராவல் பண்ணிட்டிருக்கான்" என்று சொல்லுங்கள், பொய்யில்லை. பெண் வீட்டாரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அந்தப் பெண்ணுக்கே பிடித்திருந்தால் என்ன செய்வீர்கள்?

குளிரைப் பற்றிப் பயப்படவேண்டாம், கம்பளி இருக்கிறது. நீங்கள் அவனிடம் கேட்கவேண்டியது வேறு. அந்த வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் இருக்கவேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும், அதனால் கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொண்டுபோகும், அதன் அலாரம் அவன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் ஆயுள் ஐந்து முதல் பத்து வருஷம்வரைதான், அப்புறம் பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பக்கூடாது. பழைய வண்டி வாங்கின பையன்கள் இன்ஜினைப் பார்ப்பார்கள், பாட்டுப் பெட்டியை மாற்றுவார்கள், சுவரில் மஞ்சளாகிப்போய்த் தொங்கும் இதைப் பார்க்கவே மாட்டார்கள். அடுத்த தடவை வீடியோ காலில் வரும்போது சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் அலாரத்தைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், தேதி அங்கே அச்சடித்திருக்கும்.